அம்மா விளக்கு ஏத்துறதையே நிறுத்திட்டாங்க, என்ன பண்றது?

மதுரைக்காரி:
அம்மாவுக்கு 61 வயசு. ஓவரி கேன்சர், ஸ்டேஜ் 3, ஆபரேஷன் முடிஞ்சு கீமோ நாலு ஓடிருச்சு. முடி கொட்டுனப்பகூட அழல, ஆனா ரெண்டு வாரமா சாமி ரூம் பக்கமே போறதில்ல, "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்"னு கேட்டுட்டு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாங்க. பாக்க வர்ற சொந்தக்காரங்க வேற வைத்தீஸ்வரன் கோயில் போனீங்களா, பரிகாரம் பண்ணீங்களான்னு ஒரே நச்சு. டாக்டர்ட்ட சொன்னேன், பேலியேட்டிவ் டீமைப் பாருங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு, பக்குன்னு ஆயிருச்சு. அது கடைசி கட்டத்துக்குத்தானே?

நைட்டூட்டி நர்ஸ்:
இல்ல தங்கச்சி, பயப்படாத. வலியையும் மனக்கஷ்டத்தையும் குறைக்கிற வைத்தியம், கீமோ ஓடும்போதே சேத்துப் பாக்குறதுதான் அது. 2010ல அமெரிக்காவுல நுரையீரல் கேன்சர் முத்திப்போன 151 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆரம்பத்துலயே பேலியேட்டிவ் கிடைச்சவங்களுக்கு மனச்சோர்வு கம்மி, ரெண்டரை மாசத்துக்கு மேல கூடுதலாவும் உயிரோட இருந்தாங்க. லண்டன்ல 1967ல ஹாஸ்பிஸ், அதாவது கடைசி கால நோயாளிகளைப் பாத்துக்கிற இல்லம், ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், நர்ஸா இருந்து டாக்டர் ஆனவங்க, அவங்க "மொத்த வலி"ம்பாங்க. உடம்பு, மனசு, வீடு, இந்த "எனக்கு ஏன்"ங்கிற கேள்வி, நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். என் வார்டுல நான் பாத்தது, ராத்திரி வலி அடங்காதவங்கதான் பாவ புண்ணியம் ரொம்பப் பேசுவாங்க. அம்மாட்ட தனியா உக்காந்து பத்துக்கு எத்தனை வலின்னு கேளு, புள்ளைக்குக் கஷ்டம்னு மறைப்பாங்க.

வேளாங்கண்ணி ரோடு:
எனக்கும் மார்புல வந்து போச்சுமா. "ஆண்டவர் தாங்குற சிலுவையைத்தான் குடுப்பார்"னு சொன்னவங்கள எல்லாம் வெளிய போங்கன்னு கத்தணும் போல இருக்கும். எங்க பங்குலருந்து வந்த சிஸ்டர் ஒருத்தங்க மட்டும் ஜெபமே சொல்லல, "கோவமா இருக்கியா"ன்னாங்க, ஆமான்னேன், அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குத்தான் தூங்குனேன். அம்மா கேக்குற கேள்விக்கு நீ பதில் தேடாத, அவங்களுக்கு வேண்டியது பதில் இல்ல.

கருப்புச்சட்டை வாரிசு:
எங்கப்பா கடைசி வரைக்கும் நாத்திகர். தொண்டைல கேன்சர், ரேடியேஷன் குடுத்த கழுத்துல சித்தி திருநீறு பூசி விட்டுட்டாங்க, அந்தத் தோல்ல டாக்டரைக் கேக்காம எதையும் தடவக்கூடாதுன்னு சொல்லிருந்தாங்க, வீட்ல பெரிய ரகளை. அவருக்கு உறுத்துனது வேற, 20 வருஷத்துக்கு முன்னாடி கூட்டாளிட்ட வாங்குன 3,000 ரூவா. அந்தாளத் தேடிப் புடிச்சுக் குடுத்தோம், ரெண்டு பேரும் பேசிப் பேசி டீயை ஆற விட்டாங்க. உங்கம்மாவுக்கும் சாமி தவிர ஏதாச்சும் உறுத்துதான்னு பாருங்க.

நைட்டூட்டி நர்ஸ்:
இன்னொண்ணு, கீமோவால ரத்தத்துல வெள்ளை அணு கவுண்ட் இறங்கியிருக்கப்போ கோயில் கூட்டமும் வேணாம் தீர்த்தமும் வேணாம், சொந்தக்காரங்க என்ன சொன்னாலும் சரி.

மதுரைக்காரி:
கேட்டேன் சிஸ்டர். ராத்திரி கால் ரெண்டும் எரியுதாம், பத்துக்கு ஏழுங்கிறாங்க, ஒரு மாசமா வாயே தெறக்கல. வியாழக்கிழமை பேலியேட்டிவ் ஓபி போறோம். அண்ணா, உறுத்தல் இருக்கு, எங்க பெரியம்மாவோட எட்டு வருஷமா பேச்சு இல்ல, போன் போடவான்னேன், வேணாம்னும் சொல்லல. விளக்கு நான் ஏத்தவான்னு கேட்டதுக்கு மட்டும் "எண்ணெய வீணாக்காத"ன்னுட்டாங்க.