அமிக்டலாவைக் கட்டுவது எந்த மரபணு? ஆட்டு மூளையை அறுத்துப் பார்த்தபின் எழுந்த கேள்வி

கேள்வி: தண்டையார்பேட்டை ஆசிரியை

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில் உயிரியல் பாடம் எடுத்து வருகிறேன். சென்ற ஞாயிறன்று, கறிக்கடையில் வாங்கிய ஆட்டு மூளையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, புது பிளேடால் பக்கவாட்டில் அறுத்துக் காட்டினேன். நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் வளைந்து கிடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அதன் முன்பக்கத்தில் அமிக்டலா என்ற மூளைப் பகுதி பாதாம் பருப்பைப் போலத் தனியாகத் தெரியும் என்று சொல்லியிருந்தேன். அங்கே ஒரே சாம்பல் நிறத் திசுதான் இருந்தது, ஓரம் எதுவும் புலப்படவில்லை. "டீச்சர், நம் கண்ணுக்கே எல்லை தெரியாத ஒன்றைக் கரு எப்படி எல்லை பிரித்துக் கட்டுகிறது? எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அமிக்டலா அச்ச உணர்வோடு தொடர்புடைய பகுதி என்பதால், அச்சத்துக்கென்று ஒரு மரபணு உண்டா என்று இன்னொருவன் கேட்டான். இருவருக்கும் சரியான விடை சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி: ராயபுரம், நரம்பியல் ஆய்வு மாணவர்

வணக்கம் அம்மா. அந்த மாணவி பார்த்தது சரி. அமிக்டலா என்ற பெயர் ஒருமையில் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. அது பத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள் (இங்கே நரம்பணுக் கொத்துகள்; உயிரணுவுக்குள் இருக்கும் உட்கரு அல்ல) சேர்ந்த தொகுப்பு; அவை ஒரே இடத்தில் பிறந்தவையும் அல்ல.

கருவின் முன்மூளை, பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழலின் முனையில் குமிழ்போல உப்பியிருக்கும் காலத்திலேயே அதன் சுவரில் மேல், கீழ் என்ற பிரிவு விழுந்துவிடுகிறது. மேற்பகுதியில் பாக்ஸ்6 என்ற மரபணு ஓங்கி இயங்குகிறது; கீழ்ப்பகுதியில் ஜிஎஸ்எக்ஸ்2. இவை இரண்டும் தரும் புரதங்கள் ஒன்றையொன்று அடக்குபவை என்பதால், முதலில் மங்கலாக இருந்த வேறுபாடு போகப்போக வரப்பு கட்டியதுபோல் தெளிவாகிறது. எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள் இருந்தாலும், அவற்றில் எது இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

வரப்புக்கு மேலே பிறக்கும் உயிரணுக்கள் அமிக்டலாவின் பக்கவாட்டு, அடிப்புற உட்கருக்களில் சேர்ந்து, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த நரம்பணுவைத் தூண்டுகின்றன. கீழே பிறப்பவற்றில் பல மைய உட்கருவுக்குச் சென்று, காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த நரம்பணுவை அடக்குகின்றன. உட்புற உட்கருவுக்கோ, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் உயிரணுக்கள் வருகின்றன. 2007இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சுபா டோலேயின் குழு, முன்மூளையின் பின்கோடியில் பிறக்கும் உயிரணுக்கள் ஓடைபோல நகர்ந்து அமிக்டலாவை அடைவதைச் சுண்டெலிக் கருவில் காட்டியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான்.

பாக்ஸ்6 அறவே இல்லாத சுண்டெலிக் கருவில் கண்கள் உருவாவதில்லை. அமிக்டலாவிலோ சில உட்கருக்கள் மட்டுமே சீர்குலைகின்றன. முழு அமிக்டலாவும் ஒரே விதையிலிருந்து முளைத்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது.

மறுமொழி: பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்பெட்டித் தொழிலாளி

தம்பி எழுதியதைப் படித்தபோது எங்கள் ஐ.சி.எஃப். நினைவுக்கு வந்தது. கூடு ஒரு பிரிவில் தயாராகும், உள் அலங்காரம் வேறொரு பிரிவில் நடக்கும். எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு. மரபணுக்களின் தொகுப்பை அப்படிப்பட்ட வரைபடம் என்று சொல்லலாமா?

மறுமொழி: ராயபுரம், நரம்பியல் ஆய்வு மாணவர்

ஐயா, பல இடங்களில் தயாராகி ஓரிடத்தில் சேர்வது என்ற அளவில் உங்கள் உவமை பொருந்துகிறது. ஆனால் பெட்டி முடிந்தபின் எப்படி இருக்கும் என்பது வரைபடத்தில் இருக்கிறது. கருவிலுள்ள எந்த உயிரணுவிடமும் அமிக்டலாவின் படம் இல்லை. கீழ்ப்புறத்திலிருந்து பரவும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் போன்ற புரதச் செய்திகள் தன்னிடத்தில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன, அக்கம்பக்கத்து உயிரணுக்கள் என்ன சொல்கின்றன என்பவற்றுக்கு ஏற்பத்தான் அது தன் மரபணுக்களை இயக்குகிறது.

அச்சத்துக்கென்று தனி மரபணு கிடையாது. டிபிஆர்1 என்ற மரபணுவின் இரு நகல்களில் ஒன்றை இழந்த சுண்டெலிகளில், அமிக்டலாவிலிருந்து மறுபக்க மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் சரிவர அமைவதில்லை. அவற்றின் சமூகப் பழக்கமும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன. மனிதர்களில் அதே மரபணுவில் நேரும் சில மாற்றங்கள் ஆட்டிசத்தோடு தொடர்புடையவை. மரபணு செய்வது உயிரணுவின் பிறப்பிடத்தையும் வகையையும் இணைப்பையும் தீர்மானிக்க உதவுவது. எதற்கு அஞ்சுவது என்பதைப் பெரும்பாலும் பிறந்தபின் பெறும் அனுபவமே கற்றுத்தருகிறது.

மறுமொழி: வியாசர்பாடி, செவிலியர்

கர்ப்பிணிகள் யாரேனும் இதைப் படித்தால் வீணாகக் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் மூளையின் பொது அமைப்பைப் பார்ப்பார்களே தவிர, அமிக்டலாவைத் தனியாக அளப்பதில்லை. ஆகவே அறிக்கையில் அந்தப் பெயர் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

ஆசிரியைக்கு ஒரு செய்தி. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனிதக் கருமூளையின் 5,132 வெட்டுப் படங்களை 'தரணி' என்ற பெயரில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட்டது. சாயமேற்றிய படங்கள் என்பதால் பிளேடுக்குத் தெரியாத எல்லைகளை அவற்றில் தேடலாம்.

மறுமொழி: தண்டையார்பேட்டை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வரும் ஞாயிறன்று அந்த மாணவியையே கரும்பலகையில் வரையச் சொல்லப்போகிறேன்: மேலிருந்து வருபவற்றுக்கு மஞ்சள், கீழிருந்து வருபவற்றுக்கு நீலம், ஹைப்போதலாமஸ் பக்கத்திலிருந்து வருபவற்றுக்குச் சிவப்பு, பின்கோடி ஓடைக்குப் பச்சை. தம்பி, அந்த ஓடை உயிரணுக்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை எப்படி அறிகின்றன என்று அவள் நிச்சயம் கேட்பாள். நேரம் கிடைக்கும்போது அதையும் எழுதுங்கள்.