சையாத்தியம்: ‘பூ’ என்று எழுதலாமா, ‘கிண்ணமஞ்சரி’ ஆக்கலாமா?

வணக்கம்.

தரையோடு படரும் யூஃபோர்பியாக்களை (அம்மான் பச்சரிசி வகைச் செடிகளை) பிரித்தறிய நாம் எழுதும் குறிப்பில், அவற்றின் கிண்ண வடிவப் பூங்கொத்தான ‘சையாத்தியம்’ என்பதை வெறுமனே ‘பூ’ என்று எழுதிவிடலாம் என்று போன மடலில் ஒரு கருத்து வந்தது. எளிமைதான். ஆனால் அந்த எளிமையே செடியைத் தவறாக அடையாளம் காணவைக்கும்.

நாம் பூ என்று பார்ப்பது ஒரு முழு மஞ்சரி, அதாவது பூங்கொத்து. ஐந்து பூவடிச்செதில்கள் இணைந்து ஒரு கிண்ணம். அதனுள் ஆண் பூக்கள் பல. ஒவ்வொன்றும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். மகரந்தத்தாளின் நடுவே தெரியும் மூட்டுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பது மகரந்தக்கம்பி. அது தனிப் பூ என்பதற்கு அந்த மூட்டே சான்று. மையத்தில் ஒரு பெண் பூ: முப்பிரிவுச் சூலகம், அதற்கென்று ஒரு காம்பு.

இப்போது சிற்றம்மான் பச்சரிசியையும் (யூஃபோர்பியா தைமிஃபோலியா) யூஃபோர்பியா புரோஸ்ட்ராட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் படரும், இரண்டிலும் தண்டு சிவக்கும், இலைகள் சில மில்லிமீட்டர் அளவே. வேறுபாடு காயில் இருக்கிறது. புரோஸ்ட்ராட்டாவில் பெண் பூவின் காம்பு நீண்டு, காய் கிண்ணத்தை விட்டு முழுதும் வெளியே வந்து தொங்கும். தைமிஃபோலியாவில் அந்தக் காம்பு குட்டை. காய் பாதி உள்ளேயே இருந்து பருத்து, கிண்ணத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிடும்.

சையாத்தியத்தைப் ‘பூ’ என்று சொல்லிவிட்டு, ‘பூக்காம்பு நீளமா குட்டையா’ என்று கேட்டால், படிப்பவர் கிண்ணத்துக்கு வெளியே கீழே உள்ள காம்பைத்தான் அளப்பார். அது மஞ்சரிக்காம்பு, கேட்ட காம்பே இல்லை. அதனால் ‘மஞ்சரி’ என்ற பொருள் சொல்லிலேயே இருக்க வேண்டும்: ‘கிண்ணமஞ்சரி’ என்று ஆக்கலாம்.

* * *

மேலுள்ளதோடு உடன்படுகிறேன். ‘பூ’ வேண்டாம். ஆனால் மஞ்சரிக்குப் பதில் நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே. ‘துணர்’, ‘இணர்’ இரண்டும் பூங்கொத்துக்குப் பழைய சொற்கள். இலங்கைப் பாடநூல் வழக்கில் ‘பூந்துணர்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘கிண்ணத்துணர்’ என்று வைத்தால் என்ன? கிரேக்க மூலச்சொல்லும் கிண்ணத்தைத்தான் குறிக்கிறது. ‘குவளைத்துணர்’ என்றும் யோசித்தேன். நீர்ப்பூவான குவளை குறுக்கே வருவதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. கிண்ண விளிம்பில் நான்கு சுரப்பிகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு சிறு தகடு. இதைச் ‘சுரப்பி இதழ்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதழ் என்றால் ‘நான்கிதழ்ப் பூ’ என்று எண்ணத் தொடங்குவார்கள். ‘சுரப்பி மடல்’ போதும்.

* * *

> ‘கிண்ணத்துணர்’ என்று வைத்தால் என்ன?

அழகான சொல்தான், ஆனால் சேர்த்து எழுதும்போது ‘கிண்ணத்து + உணர்’ என்று பிரிகிறது. முதல்முறை படிக்கிற மாணவர் அங்கே தடுக்கி நிற்பார். ‘கிண்ணவிணர்’ அதைவிடக் கடினம். சிரமஞ்சரியை (சூரியகாந்தியில் உள்ளதுபோன்ற தலை வடிவ மஞ்சரியை) படித்தவருக்குக் கிண்ணமஞ்சரியை விளக்கவே தேவையில்லை. ஆகவே தலைச்சொல் ‘கிண்ணமஞ்சரி’. ‘கிண்ணப் பூந்துணர்’ என்பதை இணைச்சொல்லாகத் தருவோம். ‘பூ’ இடையில் வருவதால் பிரிப்பில் குழப்பமில்லை. ‘சுரப்பி மடல்’ எனக்கும் சம்மதம்.

ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. ஐந்து செதில், நான்கே சுரப்பி என்பதால் கிண்ண விளிம்பில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். காய் வளைந்து தொங்குவது அந்த இடைவெளி வழியாகத்தான். ‘கிண்ணம்’ என்ற சொல் இருந்தால் ‘விளிம்பின் வெற்றிடம்’ என்று இயல்பாகச் சொல்லலாம்.

குறிப்பில் சேர்க்க வேண்டிய நடைமுறை விஷயங்கள் சில. கிளை நுனியைப் பார்க்கவே கூடாது. அங்கே எல்லா இனத்திலும் காய் கிண்ணத்துள்தான் இருக்கும். புரோஸ்ட்ராட்டாவைத் தைமிஃபோலியா என்று எழுதிவைப்பதற்கு முதல் காரணம் இதுவே. நுனியிலிருந்து பின்னே வந்து, முற்றிய காய்களாகப் பத்தாவது பார்க்க வேண்டும். காயின் ரோமத்துக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். காயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புரோஸ்ட்ராட்டாவில் மூன்று விளிம்பு மேடுகளில் மட்டும் ரோமம் வரிசையாகத் தெரியும், இடைப்பட்ட பரப்பு வழவழப்பு. தைமிஃபோலியாவில் காய் முழுதும் குறுரோமம். தூசியைக் கழுவினால் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் ரோமம் ஒட்டிப் படுத்துவிடும்.

படரும் இன்னோர் இனமான யூஃபோர்பியா மாகுலேட்டாவிலும் காய் முழுதும் ரோமம் உண்டு. ஆகவே ரோமத்தை மட்டும் நம்பினால் அதையும் தைமிஃபோலியாவையும் குழப்பிக்கொள்வோம். அங்கே கிண்ணமஞ்சரி கிழிந்திருக்கிறதா என்பதுதான் தீர்ப்பு. மாகுலேட்டாவின் காய் வெளியே வந்துவிடும். அதன் பெயருக்குக் காரணமான இலைப்புள்ளி சில செடிகளில் இருக்கவே இருக்காது. செம்மை நிறமும் வெயிலுக்கேற்ப மாறும். நான்காவது இனமான யூஃபோர்பியா சர்பென்ஸுக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை: ரோமமே இல்லாத செடி, கணுக்களில் வேர், இலையடிச்செதில்கள் இணைந்து வெள்ளை முக்கோணத் தகடாக நிற்கும்.

விதைக்கு, முற்றிய காயுள்ள கிளையைக் காகித உறையில் ஓரிரவு மூடிவையுங்கள். காய் வெடித்துச் சிதறுவதால் திறந்து வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. புரோஸ்ட்ராட்டா விதையில் கூர்மையான குறுக்கு மேடுகள் 5 முதல் 7 வரை. தைமிஃபோலியாவில் ஆழமில்லாத பள்ளங்கள். விதையை நனைக்காதீர்கள், மேலே கோழை பரவி வரிகள் மறையும். செடியின் பால் பட்ட விரலால் கண்ணைத் தொடவும் கூடாது.

குறிப்பின் முதல் வரிகளை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

‘முற்றிய காய் கிண்ணமஞ்சரியின் விளிம்புக்கு வெளியே தொங்கும்; ரோமம் காயின் விளிம்பு மேடுகளில் மட்டும்: புரோஸ்ட்ராட்டா.

முற்றிய காய் பாதி உள்ளேயே நிற்கும்; கிண்ணமஞ்சரி ஒரு பக்கம் கிழிந்திருக்கும்; ரோமம் காய் முழுதும்: தைமிஃபோலியா.’