வீட்டில் மக்ரூன் சுட்டுப் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூத்துக்குடியிலிருந்து

திருமணமாகி இந்த ஊருக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வந்த நாளிலிருந்து, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி ஊர் திரும்பும் ஒவ்வொரு உறவினர் கையிலும் ஒரு மக்ரூன் பெட்டியைக் கொடுத்து அனுப்புவது என் வேலையாக இருக்கிறது. அதை வீட்டில் செய்யலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை; பக்கத்துத் தெருவில் நல்லது கிடைக்கும்போது யார் அடுப்பின்முன் நிற்பார்கள்? போன ஆண்டு ஓடிஜி எனும் மின்சார அடுப்பு ஒன்று வாங்கிய பிறகுதான் ஆசை பிடித்தது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி என்று மூன்றே பொருள்கள்தானே, இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று முறை தவறியது. முதல் முறை முந்திரியை மிக்ஸியில் மாவாக அரைத்தேன். மிக்ஸி சூடாகி முந்திரி எண்ணெய் விட்டுவிட்டது, அதைக் கலந்தவுடன் அரும்பாடுபட்டு அடித்த நுரை பொலபொலவென்று அடங்கி, கூம்பாக நிற்க வேண்டியது தட்டில் அடைபோலப் பரவியது. இரண்டாம் முறை ஒரு முட்டையை உடைக்கும்போது மஞ்சள் கரு துளி அளவு வெள்ளையில் விழுந்தது. இது என்ன செய்துவிடும் என்று விட்டேன். இருபது நிமிடம் அடித்தும் சோப்புத் தண்ணீர்போலவே இருந்தது. மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்தும், அது கார்த்திகை மாதம் என்பதை மறந்துவிட்டேன். வெளியே மழை. அடுப்பிலிருந்து எடுத்தபோது மொறுமொறுவென்று இருந்த மக்ரூன், நான் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்குள் காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிப் பல்லில் ஒட்டும் மிட்டாயாக மாறியிருந்தது.

அதன் பிறகு வெட்கத்தை விட்டு, வழக்கமாக வாங்கும் பேக்கரி அண்ணாச்சியிடமே கேட்டேன். ரகசியம் என்று மறைப்பார் என எதிர்பார்த்தேன். அவரோ பின்கட்டுக்கே அழைத்துச் சென்று காட்டினார். தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதற்குள் கலவையை நிரப்பி, தட்டின்மேல் பிடித்து ஓர் அழுத்து அழுத்திச் சட்டென்று மேலே இழுக்கிறார்கள். இழுக்கும் அந்த நொடியில்தான் மக்ரூனுக்கு மூக்கு முளைக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. பிறகு ஆறிய மக்ரூன் ஒன்றை இரண்டாக உடைத்து, உள்ளே தேன்கூடுபோல இருந்த துளைகளைக் காட்டி, “இது வேகக் கூடாதும்மா, காயணும். நீங்க கேக்குக்கு வைக்கிற சூட்டை வச்சிருப்பீங்க” என்றார். நான் வைத்தது 170 டிகிரி. ஒன்றும் பேசாமல் கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் செய்து வெற்றி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். அடுமனைப் பக்கம் வேறு அனுபவங்கள் இருந்தாலும் கேட்க ஆவல்.

பாளையங்கோட்டையிலிருந்து

சகோதரி, அந்த அண்ணாச்சி சொன்னது முழுக்க உண்மை. விறகு அடுப்பு வைத்திருந்த பழைய பேக்கரிகளில் சிறுவயதில் நிறைய நேரம் நின்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா வீட்டிலும் கேக் உண்டு. மாவை வீட்டில் கலக்குவோம், சுடுவது பேக்கரியில். டிசம்பர் இருபதாம் தேதிக்குமேல் ஒரு நாள் குறித்து, அம்மா பித்தளை உருளியில் வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு, கட்டை அகப்பையால் ஒரே திசையில் குழைக்கத் தொடங்குவார்கள். அகப்பை மாறும்போது திசை மாறிவிட்டால் திட்டு விழும். சர்க்கரையைக் கருக்கி நிறம் சேர்ப்பது அப்பாவின் பொறுப்பு. கலந்த மாவைத் தட்டுகளில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி மூடி, என்னையும் அண்ணனையும் ஆளுக்கொரு தட்டுடன் பேக்கரிக்கு அனுப்புவார்கள். சைக்கிளில் போகக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். தட்டு குலுங்கினால் முந்திரியும் திராட்சையும் அடியில் போய்ப் படிந்துவிடும் என்பது அம்மாவின் கண்டிப்பு.

அங்கே போனால் உடனே வைக்க மாட்டார்கள். அடுப்புக்குள்ளேயே விறகை எரித்துத் தணலை இழுத்துவிட்டு, அந்தச் செங்கல் சூட்டிலேயே எல்லாவற்றையும் சுடுவார்கள். சூடு கடுமையாக இருக்கும்போது ரொட்டி, கொஞ்சம் தணிந்த பிறகு பன், அதற்கும் பிறகு கேக், எல்லாம் முடிந்து அடுப்பு மிதமாக இருக்கும் கடைசிச் சூட்டில் ரஸ்க். நான் பார்த்த பேக்கரியில் மக்ரூன் தட்டையும் அந்தக் கடைசி முறையில்தான் உள்ளே தள்ளினார்கள். எந்த அடுப்பிலும் அளவுமானி இல்லை. மாஸ்டர் கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும் வரை தாங்குகிறது என்று பார்த்து முடிவு செய்வார்.

ஓர் ஆண்டு எங்கள் தட்டும் இன்னொரு வீட்டின் தட்டும் மாறிவிட்டன. தட்டின் அடியில் சாக்பீஸால் எழுதிய பெயர் சூட்டில் அழிந்துபோனதுதான் காரணம். நாங்கள் கொண்டுவந்ததை அம்மா ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தவுடன், “இது நம்ம கை இல்ல, இதுல ஏலக்காய் போட்டிருக்கு” என்றார்கள். அண்ணன் திரும்ப ஓடினான். அந்த வீட்டிலும் ஒரு துண்டு வெட்டியிருந்தார்கள். இரண்டு வீடும் ஒரு துண்டு குறைந்த கேக்கை மாற்றிக்கொண்டன. அந்த வீட்டம்மாவும் எங்கள் அம்மாவும் கடைசிவரை, தங்கள் துண்டுதான் பெரியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்று என் மருமகள் குக்கரில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்து, வெயிட் போடாமல் கேக் சுட்டுவிடுகிறாள். நன்றாகவே வருகிறது. நடக்கிற வேலை மிச்சம்.

கோயம்புத்தூரிலிருந்து

சுடும் பொறுமை எனக்கில்லை. சாப்பிடும் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பேக்கரி என்றால் டீக்கடை என்று பொருள். காலை ஐந்தரை மணிக்கே திறந்திருக்கும் பேக்கரியின் முன் நின்றபடி டீ குடிப்பதும், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சூடாக ஒரு தேங்காய் பன் எடுத்துத் தரச்சொல்லி அதை நான்காக வெட்டி நால்வர் பகிர்வதும் இங்கே தினசரி வழக்கம். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் ஊரில் பிறந்தநாள் கேக் வாங்கத்தான் பேக்கரிக்குப் போவார்களாம். அவரை நான் ஒரு மாலை அழைத்துப் போனபோது, உட்கார இடம் எங்கே என்று தேடினார். வண்டியின்மேல்தான் என்றேன். இரண்டாம் நாள் அவரே பஃப்ஸ் தட்டை வண்டி சீட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, உங்கள் மக்ரூனை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் பாளையங்கோட்டை ஐயா எழுதிய அடுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அதைப் போறணை என்போம். பேக்கரிக்கு வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை இருக்கும், வாய்ப்பேச்சில் பேக்கரிதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் விறகுப் போறணை ஒன்று இன்னும் எரிகிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு றோஸ்ட் பாண் (பாண் என்றால் உங்கள் பேக்கரி ரொட்டி) இறங்கும். கையில் பிடிக்க முடியாத சூட்டில் பேப்பரில் சுற்றித் தருவார்கள். வீட்டுக்கு வருமுன் ஒரு மூலையைப் பிய்த்துச் சாப்பிடாத பிள்ளை எங்கள் ஊரில் இருக்காது. அம்மாவும் அதைத் தெரிந்துகொண்டே சம்பல் இடித்து வைத்திருப்பா. காலையில் முச்சக்கரவண்டியில் பாண் வரும். அது இசைக்கும் பீத்தோவன் மெட்டு கேட்டால் எங்கள் வீட்டு நாய் முதலில் வாசலுக்கு ஓடும்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் செய்வது ரிச் கேக். உங்களுடையதுபோல மைதாவில் அல்ல, ரவையில். ரவையை லேசாக வறுத்து பட்டரோடு ஊறவிட்டு, சின்னதாக வெட்டிய கஜு, முந்திரிகை வற்றல், இஞ்சிப் பாகு, பூசணித் தோசி (சர்க்கரைப் பாகில் காய்ச்சிய பூசணி) எல்லாவற்றையும் பிராந்தியில் பல நாள் ஊறவைத்துக் கலக்க வேண்டும். (உங்கள் ஊரில் முந்திரி என்றால் கொட்டை; எங்களுக்கு அது கஜு, முந்திரிகை என்றால் திராட்சை. சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் கவனிக்கவும்.) வெட்டுவதுதான் பெரிய வேலை. வீட்டில் பெண்கள் எல்லோரும் பலகையும் கத்தியுமாக வட்டமாக இருந்து, ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்கும்போது ஒரு கிலோ கஜு முடிந்திருக்கும்.

2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கேக் வேண்டாம் என்றே தீர்மானித்திருந்தோம். எங்கள் மாமி மட்டும் விடவில்லை. பட்டரின் பாதி அளவுக்கு மாஜரின், கஜுவுக்குப் பதில் நிலக்கடலை என்று சமாளித்து, எரிவாயு அடுப்பை மறந்து, கலவையைத் தட்டில் ஊற்றிப் பக்கத்துப் போறணைக்கே கொண்டுபோனா. அவர்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. அது வழமையான ருசி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்ப் பேப்பரில் சின்னச் சின்னத் துண்டாகச் சுற்றி, வழமைபோல அயலுக்கெல்லாம் கொடுத்தோம்.

கோவாவிலிருந்து

மக்ரூன் செய்தவர் யாரும் சொல்லாத ஒன்று: மிஞ்சும் மஞ்சள் கருவை என்ன செய்தீர்கள்? வேலை நிமித்தம் இங்கே இருக்கிறேன். இவர்கள் பெபிங்கா என்று ஒன்று செய்கிறார்கள். தேங்காய்ப் பால், மாவு, சர்க்கரை, நெய்யோடு ஒன்றுக்குப் பத்துக்குமேல் மஞ்சள் கரு போகிறது. ஓர் அடுக்கு ஊற்றி, மேலிருந்து சூடு காட்டிச் சிவக்கவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கு, மரபுப்படி ஏழு. இங்கே வெள்ளைக்கரு மிஞ்சுகிறது, உங்களுக்கு மஞ்சள் மிஞ்சுகிறது. இரண்டு கடற்கரையிலும் இறங்கியவர்கள் ஒரே போர்ச்சுகீசியர்தான் என்பதால் மக்ரூனும் அவர்கள் கொடை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு, ஏனெனில் 1658இலேயே தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

தூத்துக்குடியிலிருந்து, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன கடைசிச் சூடு என் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. நான்காம் முறை செய்ததை எழுதுகிறேன்.

முதலில் முந்திரி. எப்போதும் வாங்கும் மளிகைக்கடையில் முழு முந்திரி அரைக் கிலோ கேட்டேன். கடைக்காரர் 320 வேண்டுமா 240 வேண்டுமா என்றார். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண் என்பதும், எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது என்பதும் அன்றுதான் தெரிந்தது. எதற்கு என்று கேட்டார். மக்ரூனுக்கு என்றதும் எடுத்த டப்பாவை மூடிவிட்டு, “பொடிக்கத்தானே போறீங்க? உடைசல் வாங்குங்க” என்று கீழ்த்தட்டிலிருந்து வேறு டப்பாவை எடுத்தார். இவ்வளவு காலம் பாயசத்துக்கும் முழு முந்திரி வாங்கிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்த உடைசலை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றி, ரவைப் பதத்தில் நிறுத்தினேன்.

ஆறு முட்டை. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துப் பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்த்தேன். நுரை பொங்கியதும் சர்க்கரையை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகப் போட்டு அடித்து, பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வராததால் என் கணவர் கவிழ்த்தார். விழவில்லை. முந்திரியை மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தேன். கூம்புத் தாள் எனக்கு வசப்படவில்லை. பால் கவரைக் கழுவி, மூலையை வெட்டிப் பிழிந்தேன். மூக்கு சிலவற்றுக்கு வளைந்துவிட்டது. அடுப்பு 100 டிகிரி, ஒன்றரை மணி நேரம்; பிறகு அடுப்பை அணைத்துக் கதவைத் திறக்காமல் அப்படியே விட்டேன்.

அடுப்பு எப்படியும் காலைவரை பூட்டியிருக்கும் என்பதால், அன்று இரவு வெளியே சாப்பிடப் போனோம். இங்கே இரவில் மட்டும் இயங்கும் பரோட்டாக் கடைகளை என் மாமனார் இன்னும் நைட் கிளப் என்றுதான் சொல்வார்; முதன்முதலில் அதைக் கேட்டபோது புது மருமகளான எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலையில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது ஊறும்வரை சால்னா ஊற்றிச் சாப்பிட்டோம். அந்த நேரம் முழுவதும் என் நினைவு அடுப்பில்தான் இருந்தது. கடையில் எதிரே மாவைத் தட்டி, விசிறி, சுருட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி, இவரும் வீட்டில் முதல் முறை செய்தபோது ஓட்டையாகத்தான் வந்திருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் இரண்டாவது சால்னா கேட்டார்.

காலையில் தட்டை வெளியே எடுத்து விரலால் தட்டியபோது காய்ந்த ஓடுபோல ஒலித்தது. உடனே எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவிட்டு, நான்கை மட்டும் பொட்டலம் கட்டி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் மூக்கைப் பார்க்கவில்லை. புரட்டிப் போட்டு அடியைத்தான் முதலில் பார்த்தார். “சிவந்திருக்கு, இன்னும் பத்து டிகிரி குறைங்க. ருசி சரியா இருக்கு” என்று ஒன்றைத் தின்றுவிட்டு, மீதி மூன்றையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார்.

கோவா அண்ணா, ஆறு மஞ்சள் கரு குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குமேல் தாங்காது. பெபிங்காவுக்குப் பாதி அளவு தெரிந்தால் இன்றே எழுதுங்கள்.