24 மணி நேரத்தில 1,600 கிலோமீட்டர்: கூட்டுக்காரனோட போறேன், யோசனை சொல்லுங்க

தக்கலை_பைக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தக்கலை. பள்ளிக்கூடத்தில இருந்தே ஒண்ணா சுத்துற கூட்டுக்காரன் ஒருத்தன் உண்டு, அவன் குலசேகரம். ரெண்டு பேரும் சேர்ந்து சேடில்சோர் 1600கே முடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அமெரிக்காவில 1984-ல தொடங்கின அயர்ன் பட் அசோசியேஷனோட சவால் இது. 24 மணி நேரத்துக்குள்ள 1,600 கிலோமீட்டர் பைக் ஓட்டணும். பரிசுப் பணம் எதுவும் கிடையாது. நாம அனுப்புற கணக்கைச் சரிபார்த்து ஒரு சான்றிதழ் தருவாங்க.

என்கிட்ட ஹிமாலயன் 411, அவன்கிட்ட பல்சர் 150. கன்னியாகுமரியில காலையில 5 மணிக்குக் கிளம்பி நாலுவழிச்சாலையைப் பிடிச்சு மதுரை, சேலம், ஓசூர், பெங்களூரு தாண்டி பெனுகொண்டா வரை போய், அதே வழியில திரும்புறதா பிளான். மேப்ல 1,640 பக்கம் காட்டுது.

வண்டி ரெண்டும் வேற வேற, அப்போ யார் முன்னால போகணும்? ராத்திரியை எப்படிச் சமாளிக்கிறது? முக்கியமா, பாதி வழியில ஒருத்தனுக்கு முடியாமப் போனா மத்தவன் தொடர்ந்து போகலாமா? அவன் "நீ போய்க்கோ, என்னைப் பாக்காத"ங்கிறான். எனக்கு மனசு ஒப்பல.

வடசேரி_அக்கா:

தம்பி, உன் கடைசிக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கேன். மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நானும் என் கூட்டுக்காரியும் போன ஜனவரியில இதை முடிச்சோம். அவளுக்கு சிபி350, எனக்கு பழைய அவெஞ்சர். கிளம்புறதுக்கு முன்னாடியே அவ வீட்டில உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினோம். யார் கையைத் தூக்கினாலும் அடுத்து வெளிச்சமா இருக்கிற இடத்தில ரெண்டு வண்டியும் நிக்கணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஒருத்தியால முடியலன்னா சவால் ரெண்டு பேருக்கும் அங்கேயே முடிஞ்சது. இதை முதல்லயே பேசி வைக்கலன்னா, களைச்சுப்போன ஆள் மத்த ஆளுக்காக வாயைத் திறக்காம ஓட்டிட்டே இருப்பாங்க. பெரிய ஆபத்தே அதுதான். உன் கூட்டுக்காரன் பாசத்தில சொல்றான், எனக்குப் புரியுது. ஆனா அர்த்த ராத்திரியில அவனைக் கயத்தாறு பக்கம் தனியா விட்டுட்டு வந்து வாங்குற சான்றிதழை எந்தச் சுவரில மாட்டுவ?

பல்சர்தான் முன்னால போகணும். சின்ன வண்டி பின்னால வந்தா, முன்னால போறவன் கண்ணில இருந்து மறையக் கூடாதேன்னு முறுக்கிட்டே வருவான். முன்னால விட்டா அவனுக்கு வசதியான வேகம் எதுவோ அதுவே ரெண்டு பேருக்கும் வேகம். நாங்க பிரேக் லைட்டை ரெண்டு தட்டு தட்டினா தண்ணி குடிக்கணும்னு அர்த்தம் வச்சிருந்தோம்.

இனி வழி. பெங்களூருக்குள்ள போகாத. சில்க் போர்டுல இருந்து ஹெப்பாள் வரை போக வர ரெண்டு தடவை மாட்டினா, அதுவரை சேர்த்து வச்ச நேரம் பூரா அங்கேயே கரைஞ்சிரும். நாங்க கிருஷ்ணகிரியில சென்னை ரோட்டுக்குத் திரும்பி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியா ஸ்ரீபெரும்புதூர் போய் அங்க இருந்தே திரும்பிட்டோம். மேப்ல 1,620 பக்கம் வரும். நீ கிளம்புற பங்க்ல இருந்து போட்டுப் பார்த்து, குறைஞ்சா இருங்காட்டுக்கோட்டை வரை நீட்டிக்கோ. வண்டி மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதை நம்பி 1,600-ல நிறுத்திராத.

5 மணிக்குக் கிளம்பாத. அந்தக் கணக்கில திரும்பி வரும்போது தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில இருக்கிற தொப்பூர் மலை இறக்கத்துக்கு ராத்திரியில வருவ, மதுரைக்குத் தெற்கே விடியக்கால தூக்க நேரத்தில ஓட்டுவ. ரெண்டுமே கூடாது. நாங்க சாயங்காலமே சாப்பிட்டுப் படுத்துத் தூங்கி, ராத்திரி 1 மணிக்குக் கிளம்பினோம். தூக்கம் வர்ற நேரத்தை உடம்பு புதுசா இருக்கும்போதே கடந்தாச்சு. தொப்பூர்ல இறங்கும்போது நல்ல வெயில். கண்டெய்னர் லாரி ஒண்ணு பிரேக் தீயுற வாசத்தோட எங்க பக்கத்தில இறங்கிச்சு. சக்கரத்துப் பக்கம் இருந்து புகை வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சுது. இருட்டில அந்தப் புகை தெரிஞ்சிருக்காது. ரெண்டு பேரும் ஓரமா ஒதுங்கி அதைப் போக விட்டுட்டுத்தான் இறங்கினோம்.

வேகத்தைப் பத்தி. நாலுவழிச்சாலையில பைக்குக்கு மத்திய அரசு 2018-ல வச்ச உச்ச வேகம் மணிக்கு 80. அதைத் தாண்டாமலே முடிக்கலாம், ஆனா நிறுத்தத்தில கறாரா இருக்கணும். ஓடுற நேரத்தில சராசரி 75 கிடைச்சா 1,620-க்கு கிட்டத்தட்ட 21 மணி 36 நிமிஷம். மிச்சம் ரெண்டே கால் மணிக்குக் கொஞ்சம் மேல. அதுக்குள்ள பெட்ரோல், பாத்ரூம், சாப்பாடு எல்லாம் அடங்கணும். ஒரு பங்க்ல சாயா, போன், வாட்ஸ்அப்னு அரை மணி போச்சுன்னா, அதைப் பிடிக்க அடுத்த இருநூறு கிலோமீட்டர் தப்பான வேகத்தில போகத் தோணும். ஆம்பூர்ல பிரியாணி பக்கமே திரும்பாதீங்க, வயிறு நிறைஞ்சா கண்ணு சொருகும். எங்க டேங்க் பேக்ல மட்டி வாழைப்பழமும் அவிச்ச முட்டையும்தான்.

அப்புறம் பில். நாலுவழியில பைக்குக்கு டோல் கிடையாது, அதனால டோல் ரசீதும் கிடையாது. நீ அந்த நேரத்தில அங்க இருந்தேங்கிறதுக்கு பெட்ரோல் பில்தான் முதல் சாட்சி. கிளம்புற இடம், திரும்புற இடம், முடிக்கிற இடம் மூணும் கட்டாயம் வேணும். கிருஷ்ணகிரி மாதிரி ரோடு திரும்புற ஊரையும் விடாத. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால பில்லில தேதி, நேரம், ஊர்ப்பேர் மூணும் தெரியுதான்னு பாரு. வேலூர் பைபாஸ்ல ஒரு பங்க்ல தந்த பில்லில நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல பின்தங்கி இருந்துச்சு. பக்கத்தில இருந்த ஏடிஎம்ல நூறு ரூபா எடுத்து அந்தச் சீட்டைச் சேர்த்து வச்சோம். பில்லை மீட்டரோட சேர்த்து அப்பவே போட்டோ எடுத்திரணும். வேர்வை பட்டா அந்தத் தாள்ல எழுத்தே நிக்காது. கூட்டுக்காரி பில்லை எல்லாம் ஜிப் கவர்ல போட்டு ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்தா, கடைசி வரை ஒரு எழுத்து அழியல.

மார்த்தாண்டம்_லாரி:

மக்களே, நான் பைக் ஆளு இல்ல. நேஷனல் பெர்மிட் லாரியில இந்த ரோட்டில ராத்திரி பகலா ஓடினவன், அதனால சொல்லுகேன்.

தூக்கம் வந்தா கொட்டாவி வரும்னு காத்திருக்காத. அதுக்கு முன்னாலயே அறிகுறி உண்டு. கடந்து வந்த ஊர்ப்பேர் ஞாபகம் வராது. வண்டி தானா வெள்ளைக்கோட்டுப் பக்கம் ஒதுங்கும். வேகம் ஏறி இறங்கி நிலையில்லாம இருக்கும். இதில ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்து. முகத்தைக் கழுவுறது, சாயா குடிக்கிறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். இருபது நிமிஷம் படுத்தால்தான் மருந்து.

பரோட்டாக் கடை, டீக்கடை முன்னால லாரி ரோட்டிலயே நிக்கும், பின்னால லைட்டு எரியாது. ராத்திரியில இடது ஓரத்தை ஒட்டிப் போகாத. டோல்கேட்ல பைக் போற ஓரப் பாதையில மண்ணு கிடக்கும், பிரேக்கைப் பிடிச்சா வழுக்கிரும்.

இன்னொண்ணு. நேரா 1,600-க்குப் போகாம, முதல்ல கன்னியாகுமரியில இருந்து சேலம் தாண்டி ஓமலூர் வரை போய்த் திரும்பு. ஆயிரம் பக்கம் வரும். அதில தெரிஞ்சிரும் ரெண்டு பேர் உடம்பும்.

தக்கலை_பைக்கன்:

அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அவன்கிட்ட உங்க பதிலை வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரிடே, நின்னா ரெண்டு பேரும் நிப்போம்"னு சொல்லிட்டான். பெங்களூரு பிளானை விட்டாச்சு. முதல்ல ஓமலூர் போய்ப் பாக்கிறோம். அவனுக்கு லீவு ஜூலையிலதான் கிடைக்கும், அப்போ போகலாமா?

வடசேரி_அக்கா:

ஜூலை வேண்டாம் தம்பி. நம்ம ஊர்க் காத்து உனக்குத் தெரியாததா? ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்றது காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் வரை ரோட்டைக் குறுக்கே அடிக்கும். போகும்போது இடது பக்கம், வரும்போது வலது பக்கம். போகும்போது லாரியை ஓவர்டேக் பண்ணினா அதோட மறைவில காத்தே இருக்காது, தாண்டி வெளிய வந்த நொடியில வண்டியைத் தூக்கித் தள்ளும். பல்சர் எடை குறைவு, அதுக்கு இன்னும் கஷ்டம். முழுச் சவாலா இருந்தா அந்த இடத்துக்கு நீங்க வந்து சேரும்போது கை ஓஞ்சு போயிருக்கும்.

லீவை ஜனவரி, பிப்ரவரிக்கு மாத்த முடியுமான்னு கேக்கச் சொல்லு. காத்து அடங்கியிருக்கும், வேலூர்ப் பக்கம் வெயிலும் தாங்குற அளவுக்கு இருக்கும். கிருஷ்ணகிரியில மட்டும் காலையில குளிரும், ஜாக்கெட்டுக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. ஓமலூர் ஓட்டத்தை வேணும்னா அக்டோபர்ல மழை பிடிக்கிறதுக்கு முன்னால முடிங்க. அதுக்கு முன்னாடி பல்சரோட செயினையும் பின் டயரையும் ஒரு தடவை காட்டிருங்க.