மண் பாக்டீரியா பிளாஸ்டிக்: பிரித்தெடுப்பில் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கரும்பு வயல் மண்ணிலிருந்து பிரித்த பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவைக் கொண்டு, மக்கும் தன்மையுள்ள பிஹெச்பி (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் முதுகலை ஆய்வில் ஈடுபட்டுள்ளேன். (1926இல் மாரிஸ் லெமோய்ன் இதனை முதலில் இனங்கண்டதும் பேசில்லஸ் மெகாடீரியத்தில்தான்.)

நைட்ரஜனைக் குறைத்து, மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கூடுதலாகக் கொடுத்து வளர்த்தபோது, சூடான் பிளாக் சாயமிட்ட கண்ணாடித் தகட்டில் இளஞ்சிவப்புச் செல்களுக்குள் பிஹெச்பி கருநீலத் துகள்களாகத் தெளிவாகத் தெரிந்தது. சிக்கல் அதற்குப் பின்னர்தான்: சோடியம் ஹைப்போகுளோரைட்டில் செல்களைச் சிதைத்து, குளோரோஃபார்மில் கரைத்து, பெட்ரித் தட்டில் உலர்த்திய படலம், இடுக்கியால் தூக்கியவுடன் அப்பளம்போல் நொறுங்கிவிடுகிறது.

பிஹெச்பி இயல்பிலேயே எளிதில் உடையக்கூடியது என்பதை அறிவேன். ஆயினும், ஹைப்போகுளோரைட் பாலிமர்ச் சங்கிலிகளையும் துண்டித்துவிடுகிறதோ என ஐயுறுகிறேன். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது மிகையா? வளர்ப்பு ஊடகத்தில் வேலரிக் அமிலம் சேர்த்து, சற்று நெகிழ்வான பிஹெச்பிவி என்னும் கலப்பு வகையைப் பெற்றவர்கள், எந்த அளவில், எந்த நேரத்தில் சேர்த்தீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.