15,000 வார்த்தையில் நாவல் நின்றுவிட்டது, நீங்கள் எழுத்துக்கு இலக்கு எப்படி வைக்கிறீர்கள்?

நள்ளிரவுமை:
வணக்கம். மூன்று வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன், ஏழெட்டுக் கதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. இந்த வருடம் நாவல்தான் என்று முடிவுசெய்து, ஒரே மாதத்தில் 50,000 வார்த்தையில் முதல் வரைவு, மீதி மாதங்களில் திருத்தம் என்று தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டினேன். அமெரிக்காவில் தொடங்கிய, ஒரே மாதத்தில் நாவல் எழுதும் சவாலான நேனோரைமோவின் கணக்குதான், 30 நாளால் வகுத்தால் தினமும் 1,667 வார்த்தை. ஒன்பது நாள் பிசகாமல் எழுதி 15,000 தாண்டினேன். பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், இறங்க மூன்று நாள் ஆனது, அதற்குள் 5,000 வார்த்தை பாக்கி விழுந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் கை ஓடவில்லை. நாலு மாதமாக ஃபைலைத் திறக்கவே இல்லை. ஆனால் கதை மனதில் அப்படியே இருக்கிறது, விட்டுவிட மனசு வரவில்லை. வேலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே நாவலை முடித்தவர்கள் எப்படித் திட்டமிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கால்புள்ளி:
ஒன்பது நாளில் 15,000 என்பது சின்ன விஷயமே இல்லை. அந்த 50,000 ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. 'ஓடிக்கொண்டிருந்தாள்' நமக்கு ஒரே வார்த்தை, ஆங்கிலத்தில் 'ஷி வாஸ் ரன்னிங்' என்று மூன்று. 'வீட்டிலிருந்து' ஒன்று, அங்கே அதுவும் மூன்று. உருபும் துணைவினையும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே காட்சியைத் தமிழில் எழுதினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அப்படிப் பார்த்தால் 1,667-ஐ எட்ட நீங்கள் தினமும் அவர்களைவிட நிறையவே எழுதியிருக்கிறீர்கள், மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? தவிர 'வந்து கொண்டிருந்தான்' என்று நடுவில் இடம் விட்டாலே ஒன்று இரண்டாகிவிடும்.

நான் வார்த்தையை விட்டுவிட்டுக் காட்சியை எண்ணுகிறேன். வாரத்துக்கு இரண்டு. ஞாயிறு இரவு ஒரு அட்டையில் 'அக்கா கடிதத்தைப் படிக்கிறாள், தங்கையிடம் சொல்லவில்லை' என்பதுபோல ஒரு வரி எழுதிவைப்பேன். வாரத்தில் எந்த நாள் உட்கார்ந்தாலும் என்ன எழுதுவது என்று யோசித்து அரைமணி நேரம் வீணாகாது.

பழையநோட்டு:
தினக்கணக்கைவிட வாரக்கணக்கு நல்லது என்பதை நானும் சொல்வேன். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல். அதிகாலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை எழுதுவார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், கேட்டாலே பயமாக இருக்கும். எனக்கு உதவியது அவர் வாரக்கணக்கு. தன் வாழ்க்கை வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார்: வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று தனக்குத்தானே ஒதுக்கிக்கொள்வார், சராசரி 40 பக்கம், ஆனால் மற்ற வேலைகளின் பாரத்தைப் பொறுத்து அது 20 வரை இறங்கியிருக்கிறது, 112 வரை ஏறியும் இருக்கிறது. அவ்வளவு கறாரான மனிதரே வேலை அதிகமான காலத்தில் இலக்கைத் தானாகவே குறைத்துக்கொண்டார் பாருங்கள். உங்கள் தாளில் காய்ச்சலுக்கு இடமே இல்லை. அப்புறம், தவறிய நாளின் பாக்கியை அடுத்த நாளில் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. போன வாரம் போனதுதான், திங்கட்கிழமை புதுக்கணக்கு.

ஒற்றைவரி:
வாரக்கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. நாலு நாள் தொடாமல் இருந்தால் பாத்திரங்களின் குரலே மறந்துபோகிறது, மறுபடி பிடிக்க ஒரு நாள் ஆகிறது. அதனால் தினமும் 20 நிமிடம், ஒரு பத்தியாவது. முடியாத நாளில் முந்தைய நாள் எழுதியதைப் படித்தால் போதும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

இன்னொன்று, 'மீதி மாதங்களில் திருத்தம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். திருத்தத்தில் வார்த்தை எண்ணிக்கை குறைந்தால்தான் பல நேரம் முன்னேற்றம், அங்கே வேறு அளவுகோல் வேண்டும். நான் முதல் சுற்றில் கதையின் அமைப்பை மட்டும் பார்ப்பேன், எந்த அத்தியாயம் தேவையில்லை, எது முன்னால் வர வேண்டும் என்று. மொழியை அடுத்த சுற்றில்தான் தொடுவேன். வெட்டப்போகிற அத்தியாயத்தில் வாக்கியம் வாக்கியமாக இழைத்து ஒரு முழு மாதத்தை இழந்திருக்கிறேன், அந்த வலியில் சொல்கிறேன். பிரசுரம் ஆவதையும் இலக்காக வைக்காதீர்கள். எத்தனை இடத்துக்கு அனுப்புவது என்பது நம் கையில், ஏற்பது அவர்கள் கையில்.

நள்ளிரவுமை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தமிழ் வார்த்தைக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனை நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். தாளைக் கிழித்துவிட்டேன். இனி வாரத்துக்கு ஒரு காட்சி, எழுத முடியாத நாளில் பத்து நிமிட வாசிப்பு, பாக்கி சேர்ப்பது கிடையாது. வருடக் கடைசிக்குள் வரைவு முடியாமல் போகலாம், பரவாயில்லை.

நேற்று இரவு ஃபைலைத் திறந்தேன். 'அப்பா கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பியபோது' என்று ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் முடித்துவிட்டு மூடினேன்.