பி.சி.எஸ்.இ.: மூன்று ஊர்களின் வானிலைக்கும் ஒரே நெல் விளைச்சல் வருகிறது, உதவி தேவை

நெல்மணி:
வணக்கம். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து நெற்பயிரின் வளர்ச்சியைக் கணிக்கும் ஒரு சிறு ஆய்வைச் செய்து வருகிறோம். நெதர்லாந்தின் வாகனிங்கனில் உருவான வோஃபோஸ்ட் பயிர் மாதிரியை, பைத்தானில் எழுதப்பட்ட பி.சி.எஸ்.இ. என்னும் திறமூலத் தொகுப்பின் வழியாக இயக்குகிறோம். நிரலும் தரவும், மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் ஒரு கிட் களஞ்சியத்தில் உள்ளன. அதில் ஊருக்கு ஒரு கோப்புறை, ஒவ்வொரு கோப்புறையிலும் ‘வானிலை’ என்ற பெயரில் ஒரு சி.எஸ்.வி. கோப்பு.

மூன்று ஊர்களையும் ஒரே நிரலில் வரிசையாக இயக்கினால், தானிய எடை மூன்றுக்கும் கடைசித் தசம இலக்கம் வரை ஒன்றாகவே வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கோயம்புத்தூர் நண்பரின் கணினியிலும் மூன்றுக்கும் ஒரே எண்தான், ஆனால் அது என் எண் அன்று. இருவரிடமும் தொகுப்பின் பதிப்பு ஒன்றே. இரகத்தை மாற்றினால் விளைச்சல் மாறுகிறது. ஆனால் மூன்று ஊர்களுக்கும் சேர்ந்தே மாறுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிசல்:
முதலில் இரண்டு விவரங்கள் தேவை. நீங்கள் இயக்குவது நீர்த் தட்டுப்பாடே இல்லாத உச்ச உற்பத்தி நிலையா, மழையையும் மண்ணையும் கணக்கில் கொள்ளும் நிலையா? மூன்று ஊர்களிலும் பூக்கும் நாள் ஒன்றாகவே வருகிறதா? உச்ச உற்பத்தி நிலையில் மண் விளைச்சலைப் பாதிக்காது என்பதால், மண் கோப்புகளைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டியிருக்காது.

நெல்மணி:
உச்ச உற்பத்தி நிலைதான், ஐயா. பாசன நெல் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றுக்கும் ஒரே விதைப்பு நாள், ஒரே இரகம். பூக்கும் நாளும் ஒன்றே. இலைப்பரப்புக் குறியீடுகூட நாளுக்கு நாள் அப்படியே ஒத்துப்போகிறது.

வேர்நுனி:
அப்படியென்றால் பயிர் அளவுருக்களை இனித் தொடாதீர்கள். வோஃபோஸ்ட் மாதிரியில் பயிரின் பருவ வளர்ச்சி முதன்மையாக வெப்பத் திரட்டை, அதாவது நாள்தோறும் சேரும் வெப்பத்தின் கூட்டுத்தொகையைச் சார்ந்தது. இலைப்பரப்பும் தானிய எடையும் அதனுடன் கதிர்வீச்சையும் சார்ந்தவை. கோயம்புத்தூரும் தஞ்சாவூரும் அன்றாட வெப்பத்தில் தசமம் பிசகாமல் ஒத்துப்போக வாய்ப்பே இல்லாதபோது, மாதிரி மூன்று முறையும் ஒரே வானிலையைத்தான் உள்வாங்குகிறது என்று கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம், சி.எஸ்.வி. கோப்பைப் படிக்கும் நிரல் வகுப்பு வைத்துக்கொள்ளும் கேஷ் கோப்பு, அதாவது மறுமுறை விரைவாகப் படிப்பதற்கான தற்காலிக நகல். ஒரு வானிலைக் கோப்பை முதன்முறை படித்ததும், அதன் நகலை உங்கள் பயனர் கோப்புறைக்குள் உள்ள ‘.பி.சி.எஸ்.இ.’ கோப்புறையின் வானிலைக் கேஷில் அது சேமித்துவிடும். அந்த நகலுக்குப் பெயர் வைக்கும்போது வகுப்பின் பெயரையும் கோப்பின் பெயரையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கோப்பு எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதைப் பார்ப்பதில்லை. அடுத்த முறை அதே பெயருள்ள கோப்பைக் கேட்டால், கேஷ் நகல் அந்தக் கோப்பைவிடப் புதியதாக இருக்கும்வரை, கோப்பைத் திறக்காமல் நகலையே தந்துவிடும். உங்கள் நிரல் தஞ்சாவூரை முதலில் படித்து நகலை எழுதியிருக்கும். மதுரைக் கோப்பும் கோயம்புத்தூர்க் கோப்பும் அந்த நகலைவிடப் பழைய தேதியுடையவை என்பதால் தஞ்சாவூர் வானிலையே மூன்று முறையும் வந்திருக்கும். நண்பர் தன் ஊரை முதலில் இயக்கியிருப்பார். மூன்று கோப்புகளும் ஒரே கால அளவைக் கொண்டிருப்பதால்தான் பிழைச் செய்தியும் எழவில்லை. அந்த நகலில் தேவையான ஏதேனும் ஒரு நாள் விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

உறுதி செய்வது எளிது. ஒவ்வொரு ஊரின் வானிலைப் பொருளையும் பிரின்ட் கட்டளையால் அச்சிடுங்கள்; குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு, தரவு உள்ள கால அளவு எல்லாம் வரும். மதுரைக்குத் தஞ்சாவூரின் குறுக்குக்கோடு வந்தால் ஐயமே இல்லை. கேஷ் கோப்பை அழியுங்கள், கோப்புகளுக்கு ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தனிப்பெயர் வையுங்கள், படிக்கும்போது ‘ஃபோர்ஸ் ரீலோட்’ என்ற தெரிவை ட்ரூ என்று கொடுங்கள். கேஷ் உங்கள் களஞ்சியத்துக்கு வெளியே இருப்பதால் கிட் வரலாற்றில் எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது.

நெல்மணி:
மிக்க நன்றி. அச்சிட்டுப் பார்த்தேன், மூன்றிலும் தஞ்சாவூரின் குறுக்குக்கோடுதான் இருந்தது. பெயர்களை மாற்றிய பின் தஞ்சாவூரும் கோயம்புத்தூரும் தனித்தனி விளைச்சலைத் தருகின்றன, நண்பரின் கணினியோடும் ஒத்துப்போகின்றன. ஆனால் மதுரையில் மட்டும் பயிர் ஏறத்தாழ வளரவே இல்லை. பூக்கும் நாள் நம்பத்தக்கதாக இருக்கிறது, தானிய எடை பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறது. மதுரைத் தரவை மட்டும் நாசாவின் வானிலைத் தரவுத் தளமான நாசா பவரிலிருந்து ஒரு தோழி இறக்கித் தந்தார்.

கரிசல்:
பருவம் சரியாக நகர்ந்து எடை மட்டும் கூடவில்லை என்றால் வெப்பநிலை சரி, ஒளி தவறு. சி.எஸ்.வி. கோப்பில் கதிர்வீச்சு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குக் கிலோஜூல் கணக்கில் இருக்க வேண்டும். நாசா பவரின் வேளாண் பிரிவு மெகாஜூலில் தருகிறது. உங்கள் நெடுவரிசையில் 20 போன்ற எண்கள் இருந்தால் அவை 20,000 ஆக வேண்டும்; ஆயிரத்தால் பெருக்குங்கள். மதிப்பு வரம்புச் சோதனை இதைப் பிடிக்காது, ஏனெனில் கதிர்வீச்சின் கீழ்வரம்பு பூஜ்யம்.

நீராவி அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கோப்பில் அது கிலோபாஸ்கலில் இருக்க வேண்டும். பனிநிலை வெப்பநிலை (காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 23 பாகை செல்சியஸ் என்றால் சுமார் 2.8 வரும். மழை மில்லிமீட்டரில். மாதிரிக்குள் இவை வேறு அலகுகளுக்கு மாற்றப்படுகின்றன என்பதால், ஆவணத்தில் உள்ளலகுப் பட்டியலைப் பார்த்துக் கோப்பை நிரப்பினால் தவறிவிடும்.

நெல்மணி:
கதிர்வீச்சு நெடுவரிசை மெகாஜூலில்தான் இருந்தது. மாற்றிய பின் மதுரையும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு ஊரின் குறுக்குக்கோட்டையும் நிரலில் எழுதி, வானிலைப் பொருளில் உள்ளதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் இயக்கத்தை நிறுத்தும் ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். பயிர் அளவுருக் கோப்புகளையும் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டுமா?

வேர்நுனி:
கட்டாயம் வையுங்கள். இயல்பாக, பயிர் அளவுருக்களைப் படிக்கும் வகுப்பு யாம்ல் வடிவிலுள்ள அளவுருக் கோப்புகளை இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே அளவுருக்கள் திருத்தப்பட்டால், வெவ்வேறு நாளில் இறக்கிய இருவரின் விளைச்சல் வேறுபடும். உள்ளூர்க் கோப்புறையின் பாதையைக் கொடுக்கும் வசதி அதிலேயே உண்டு. கேஷ் பெயரிடும் முறையை, புதிய பதிப்பிலும் ஒருமுறை சோதித்துவிட்டு, ஒரே பெயருள்ள இரண்டு சிறிய சி.எஸ்.வி. கோப்புகளை இணைத்து மென்பொருளின் சிக்கல் பதிவில் எழுதுங்கள். வானிலைக் கோப்பை ஊர்வாரியாகப் பிரித்து வைக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் பதிவு பயன்படும்.